ஆட்டிசம்: தாளில் எழுதிய பெயரும் நம் வீட்டுப் பிள்ளையும்

(கூட்டமைப்பின் ஆண்டு நிறைவு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டமைப்புத் தலைவி அக்காவுக்கும், செயலாளர், பொருளாளர் அக்காமார்களுக்கும், எல்லாக் குழுக்களிலிருந்தும் வந்திருக்கும் ஊக்குநர்கள், பிரதிநிதிகள், அக்கா தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம். அங்கன்வாடி டீச்சர்களும் வந்திருக்கீங்க. உங்களுக்குத் தனியா ஒரு வணக்கம். ஏன் தனியா என்று பேச்சு முடியும்போது உங்களுக்கே தெரியும்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் குழுவில் ஏழு வருஷமாகக் கணக்கு நோட்டு எழுதுகிறேன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. செயலாளர் அக்காதான், "நீ உன் மகனுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போய்த் தெரிஞ்சுக்கிட்டதை நம்ம பொம்பளைங்களுக்குச் சொல்லு, அது போதும்" என்றார். அதனால் வந்து நிற்கிறேன்.

என் மகனுக்கு இப்போது ஆறு வயது. அவனுக்கு இரண்டு வயது எட்டு மாதம் இருக்கும்போது டாக்டர் ஒரு தாளில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, இதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஏனென்றால் அந்த வார்த்தை தெரியாமல் பயப்படும் தாய்மார்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வார்த்தை தெரிந்தும் வெளியே சொல்ல முடியாமல் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் பெயர். டாக்டர் எழுதுவது ஆட்டிசம், அல்லது ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம். சில புத்தகங்களில் மதியிறுக்கம் என்று இருக்கும். சில அரசு விண்ணப்பங்களில் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று இருக்கும். அதைப் பார்த்து, இது நம் பிள்ளைக்கு இல்லை போல என்று திரும்பி வந்துவிடாதீர்கள். மூன்றும் ஒன்றுதான். எனக்கு அந்த மூன்றாவது பெயர் பிடிக்காது. என் மகனுக்கு வெளி உலகச் சிந்தனை நிறைய உண்டு. எந்த பஸ் எந்த நேரத்துக்கு நம் ஸ்டாப்பைத் தாண்டும் என்று அவனுக்குத் தெரிகிற அளவு எனக்குத் தெரியாது. ஆனால் விண்ணப்பத்தில் அப்படி இருந்தால் அந்த இடத்தில்தான் டிக் அடிக்க வேண்டும்.

ஆட்டிசம் என்பது ஒட்டுகிற நோய் கிடையாது. பைத்தியம் கிடையாது. மூளை வளர்கிற விதத்தில் பிறவியிலேயே வருகிற ஒரு வித்தியாசம். 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பார்த்து இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதினார். அதற்கு முன்னாலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருந்திருப்பார்கள். பெயர்தான் இல்லை. நம் ஊரில் "ஒரு மாதிரி", "ஊமை", "தனிக்காட்டு ராஜா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

டாக்டர்கள் முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று, மற்றவர்களோடு பழகுவதும் தொடர்பு கொள்வதும். பேச்சு மட்டும் இல்லை. கண் பார்ப்பது, கையை நீட்டிக் காட்டுவது, சிரித்தால் திருப்பிச் சிரிப்பது எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்வது. கையை உதறுவது, வண்டிச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பது, பொருள்களை வரிசையாக அடுக்குவது, தினமும் போகிற பாதை மாறினால் அழுவது. சத்தம், வெளிச்சம், தொடுதல், ருசி இவற்றை ரொம்ப அதிகமாகவோ ரொம்பக் குறைவாகவோ உணர்வதும் இதில்தான் வரும். இந்த இரண்டும் சேர்ந்து, சின்ன வயதிலேயே தெரிந்து, அன்றாட வாழ்க்கைக்கு இடைஞ்சலாக இருந்தால்தான் ஆட்டிசம் என்கிறார்கள். பேச்சு மட்டும் தாமதமாவது எல்லாமே ஆட்டிசம் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது காட்ட வேண்டும்? நான் நோட்டில் எழுதி வைத்திருப்பதைப் படிக்கிறேன்.

9 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை.
1 வயதில் டாட்டா காட்டுவது, "தூக்கு" என்று கை நீட்டுவது போன்ற சைகை ஒன்றும் இல்லை.
ஒன்றரை வயதில், "அதோ பாரு" என்று விரலால் எதையும் சுட்டிக் காட்டவில்லை. ஒரு வார்த்தை கூட இல்லை.
2 வயதில், "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை.
எந்த வயதிலானாலும், பேசிக்கொண்டிருந்த வார்த்தை நின்றுபோனது, பழகிக்கொண்டிருந்த பிள்ளை ஒதுங்கிப்போனது.

கடைசியில் சொன்னதைக் கேட்டீர்களா? வந்த பேச்சு நின்றுபோனால் ஒரு வாரம் கூடப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. என் மகன் ஒன்றேகால் வயதில் "அத்தை", "காக்கா", "பூ" சொன்னவன். ஒன்றரை வயதுக்கு மேல் அந்த மூன்றும் போய்விட்டது.

நான் வீட்டில் சொன்னேன். "அவங்க தாத்தா அஞ்சு வயசுலதான் பேசினாரு, ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்றார்கள். நாக்கில் தேன் தடவச் சொன்னார்கள். கோயிலில் மணி கட்டச் சொன்னார்கள். மணியும் கட்டினோம், சாமியையும் கும்பிட்டோம், ஆனால் நான் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்தவில்லை. வேண்டுதல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது மனதுக்குத் தெம்பு. ஆனால் வேண்டுதல் முடியட்டும் என்று ஒரு வருஷம் ஆஸ்பத்திரியைத் தள்ளி வைக்காதீர்கள். மூன்று வயதுக்குள் மூளை வளர்கிற வேகம் பிறகு கிடையாது. சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பிள்ளைக்கு லாபம்.

ஆஸ்பத்திரியில் முதலில் காது பார்த்தார்கள். கூப்பிட்டால் திரும்பாததற்குக் காது கேளாமையும் காரணமாக இருக்கலாம் இல்லையா? பிள்ளையைத் தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற பெரா டெஸ்ட் எடுத்தார்கள். காது நன்றாக இருந்தது. எனக்கு அது முன்பே தெரியும். அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் ஓடி வருவான். பெயர் சொன்னால் மட்டும் வர மாட்டான்.

பிறகு ஆட்டிசத்துக்கு என்ன டெஸ்ட் எடுப்பார்கள் என்று கேட்டேன். ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது என்று டாக்டர் சொன்னார். வேறு ஏதாவது சந்தேகம் இருந்தால், வலிப்பு மாதிரி, அதற்காக எடுப்பார்களே தவிர, ஆட்டிசத்தைக் காட்டுகிற ஸ்கேன் இன்றைக்கு வரை இல்லை. பிள்ளையை விளையாட விட்டுப் பார்க்கிறார்கள். நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. ஆமா, இல்லை என்று பதில் சொன்னால் போதும். அது சல்லடை மாதிரி. சல்லடையில் நின்றுவிட்டால் அதுவே ஆட்டிசம் என்று அர்த்தம் இல்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

தாயின் வாயிலிருந்து வருவதுதான் இதில் பெரிய ஆதாரம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதனால் போகும்போது ஒரு நோட்டு கொண்டு போங்கள். எப்போது தலை நின்றது, எப்போது நடந்தான், எந்த வார்த்தை எந்த மாதம் வந்தது, எது போனது, எதற்கு அழுகிறான், எதைச் சாப்பிடுவதில்லை, எழுதிக் கொண்டு போங்கள். செல்லில் வீடியோ எடுத்துக் கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை மிரண்டுபோய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். வீட்டில் எப்படி இருக்கிறான் என்று வீடியோவில்தான் தெரியும். வெள்ளை கோட்டைப் பார்த்து நமக்கும் பாதி மறந்துபோகும்.

அடுத்து ஸ்பெக்ட்ரம், லெவல் என்ற இரண்டு வார்த்தைகள். இவை எனக்குப் புரிய நாளாயிற்று. நம் குழு பாஷையில் சொன்னால் உங்களுக்கு உடனே புரியும்.

நம் குழுக்களுக்குத் தரம் பிரிக்க வருகிறார்கள் இல்லையா? கூட்டத்துக்கு வருகை, சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துவது, பதிவேடு எழுதுவது என்று தனித்தனியாக மார்க் போடுவார்கள். ஒரு குழுவில் சேமிப்பு நூற்றுக்கு நூறு இருக்கும், பதிவேடு குப்பையாக இருக்கும். இன்னொரு குழுவில் பதிவேடு முத்து முத்தாக இருக்கும், கூட்டத்துக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஆட்டிசமும் அப்படித்தான். ஒரு பிள்ளைக்குப் பேச்சு நன்றாக இருக்கும், ஆனால் கூட்டத்தைக் கண்டால் நடுங்கும். ஒரு பிள்ளைக்குப் பேச்சே இருக்காது, ஆனால் ஒரு முறை போன வழியை மறக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்க் வேறு வேறு இடத்தில் கூடும், குறையும். இந்த விரிவைத்தான் ஸ்பெக்ட்ரம் என்கிறார்கள். முன்பு ஆஸ்பெர்கர் என்றும் வேறு பெயர்களிலும் தனித்தனியாகச் சொன்னதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஒரே பெயரின் கீழ் கொண்டு வந்தார்கள். அதனால் பழைய தாளில் ஒரு பெயரும் புதுத் தாளில் ஒரு பெயரும் இருந்தால் பயப்படாதீர்கள்.

லெவல் 1, 2, 3 என்பது பிள்ளைக்கு எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்பதற்கான குறிப்பு. 1 என்றால் துணை வேண்டும், 2 என்றால் கணிசமாக வேண்டும், 3 என்றால் மிக அதிகமாக வேண்டும். பிள்ளையின் புத்திக்குப் போட்ட மார்க் என்று நினைக்காதீர்கள். இன்றைக்குப் போட்ட லெவல் அப்படியே கடைசி வரைக்கும் இருக்கும் என்றும் அர்த்தம் இல்லை. தேவை கூடலாம், குறையலாம். சில பிள்ளைகளுக்கு ஆட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருக்கும், சிலருக்கு வலிப்பு இருக்கும், சிலருக்கு இரண்டும் இருக்காது. இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகமாகக் கண்டுபிடிக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இல்லை என்று அர்த்தம் கிடையாது. "பொம்பளப் புள்ள, அடக்கமா இருக்கா" என்று நாமே பாராட்டி விட்டுவிடுவோம். அடக்கமாக இருக்கிறாளா, பழகத் தெரியாமல் ஒதுங்கி இருக்கிறாளா என்று பாருங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். யாரால் வந்தது?

தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே இந்தக் கேள்வி வந்துவிட்டது. "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு இல்ல." "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா?" "குழு குழுன்னு கூட்டத்துக்கு ஓடினா புள்ளைய யாரு பார்க்கறது?" கடைசியாகச் சொன்னது இருக்கிறதே, அது எனக்கு மட்டும் சொன்னது இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாரையும் சொன்னது. நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று, விருந்தாளி வரும்போதெல்லாம் பிள்ளையைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். மூன்று மாதம் அப்படி நடந்தது.

தாயைக் குற்றம் சொல்வது நம் ஊரில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். படித்த நாடுகளிலேயே 1950, 60களில், தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று பெரிய பெரிய டாக்டர்களே சொன்னார்கள். பிரிட்ஜ் மாதிரி சில்லிட்ட தாய் என்று பெயரே வைத்தார்கள். 1964இல் பெர்னார்டு ரிம்லண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அது பொய் என்று புத்தகம் எழுதினார். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம். அதன் பிறகு எத்தனையோ ஆராய்ச்சி நடந்து, தாய் வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று முடிவாகிவிட்டது. பெரும்பங்கு மரபணு. அதுவும் ஒரே ஒரு மரபணு இல்லை, நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அது அப்பா பக்கமும் வரும், அம்மா பக்கமும் வரும், இரண்டு பக்கமும் இல்லாமல் கருவில் புதிதாகவும் வரும். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பப்பாளிக்கும் சம்பந்தம் இல்லை. குழுக் கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

தடுப்பூசியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1998இல் இங்கிலாந்தில் ஒரு டாக்டர், 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு எழுதினார். அது தவறு என்று 2010இல் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய டாக்டர் பதிவும் அதே வருஷம் ரத்தானது. லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்தும் சம்பந்தம் இல்லை என்றுதான் வந்திருக்கிறது. தடுப்பூசி போடுகிற வயதும் ஆட்டிசம் வெளியே தெரிகிற வயதும் ஒன்றாக இருப்பதால் சந்தேகம் வருகிறது. தயவுசெய்து ஊசியை நிறுத்தாதீர்கள்.

செல்போன்? சின்னப் பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் நாம் பேசுகிற நேரம் குறையும், பேச்சு தாமதமாகலாம். அதனால் போனை வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் போன் ஆட்டிசத்தைக் கொண்டு வருவதில்லை. "போனை நிறுத்தியாச்சு, ஆறு மாசம் பார்ப்போம்" என்று பரிசோதனையைத் தள்ளி வைக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம்.

சரி, குணமாகுமா? எல்லாரும் கேட்கிற கேள்வி. ஆட்டிசத்தை எடுத்துவிடுகிற மருந்து கிடையாது. தூக்கம் இல்லாமை, வலிப்பு, தன்னையே அடித்துக்கொள்வது போன்றவற்றுக்கு டாக்டர் மருந்து தரலாம். மற்றபடி பயிற்சிதான். பேச்சுப் பயிற்சி, கை, உடல், புலன்களுக்கான தொழில்வழிப் பயிற்சி, சிறப்பாசிரியர் தருகிற பயிற்சி. பிள்ளை நிறைய முன்னேறும். எவ்வளவு என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆறே மாதத்தில் முழுசாகக் குணப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அது சிகிச்சை என்று நிரூபிக்கப்படவில்லை. நகையை அடகு வைப்பதற்கு முன்னால் அரசு மருத்துவமனை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பயிற்சி மையத்தில் ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம். அதுவும் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான். மீதி நேரம் பிள்ளை நம்மிடம். அதனால் அவர்கள் சொல்லிக் கொடுத்ததை வீட்டு வேலையோடு சேர்த்துச் செய்தேன். எதிரே, அவன் கண் மட்டத்துக்குத் தரையில் உட்கார்ந்து பேசுவேன். நீளமாகப் பேச மாட்டேன். "கை கழுவு", "தட்டு எடு", அவ்வளவுதான். கேட்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுக்க மாட்டேன். வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் இரண்டு கையில் காட்டி, "எது?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். அந்தப் பத்து எண்ணுவது இருக்கிறதே, உழவு காட்டில் களை எடுப்பதை விடக் கஷ்டம். கேட்பதற்குத் தண்ணீர்ச் சொம்பு, சோறு, பஸ், கக்கூஸ், தூக்கம் என்று அட்டையில் படம் ஒட்டி, சுவரில் அவன் உயரத்துக்கு மாட்டினேன். படம் காட்டினால் பேச்சு வராது என்று சிலர் பயமுறுத்தினார்கள். பேச்சு டீச்சரிடம் கேட்டேன். படம் பேச்சைத் தடுக்காது, தாங்கிப் பிடிக்கும் என்றார்.

நாலாவது மாதம் ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பு அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டான். அதுவரைக்கும் தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்து இழுத்து அழுவான், எதற்கு என்று தெரியாமல் நானும் அழுவேன். அன்றைக்கு என் அத்தைதான், அவன் அப்பாவைப் பெற்றவர், "தண்ணி கேக்குறான்டி" என்று ஓடிப்போய்ச் சொம்பை எடுத்து வந்தார். வம்சத்தில் இல்லை என்று சொன்னவரும் அவர்தான். அன்றைக்கு மாலையே உளுந்துப் பொட்டலத்து அட்டையை வெட்டி, "இதுல வடை படம் ஒட்டு" என்று கொடுத்தார்.

அடம் வேறு, தாங்க முடியாமல் உடைவது வேறு. இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடம் பிடிக்கிற பிள்ளை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக் கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நிறுத்தும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தமோ வெளிச்சமோ கூட்டமோ தாங்க முடியாமல் போகும்போது அது யாரையும் பார்க்காது. என்ன கொடுத்தாலும் நிறுத்தாது. திருவிழாவில் உறுமி அடிக்கும்போது என் மகன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுவான். "ரெண்டு அடி போடு, சரியாப் போகும்" என்பார்கள். அடித்தால் சத்தம் குறையுமா? அவனைத் தூக்கிக்கொண்டு அமைதியான இடத்துக்குப் போவேன். இந்த வருஷம் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில், மேளக்காரரிடம் எங்கள் குழுப் பிரதிநிதி போய்ச் சொல்லி, எங்கள் பந்திக்குப் பக்கத்தில் அடிக்காமல் தள்ளிப் போய் அடித்தார்கள். என் மகன் முதல் தடவையாக பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

இனி, உரிமை பற்றி. 1995இல் வந்த சட்டத்தில் மாற்றுத்திறன் வகைகள் 7 தான். அதில் ஆட்டிசம் இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள். அதில் ஆட்டிசம் உண்டு. சான்றிதழுக்குப் போகும்போது ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டிலேயே உருவாக்கியது. 6 பிரிவு, 40 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். கூட்டினால் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை, அதற்கு மேல் போகப் போகத் தீவிரம் அதிகம். இங்கே மார்க் அதிகம் வாங்கினால் சந்தோஷப்படுவதற்கு இல்லை. சதவீதம் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பல உதவிகளுக்குத் தகுதி. சான்றிதழோடு யு.டி.ஐ.டி. அட்டை என்ற தேசிய அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள். எந்தெந்த உதவி கிடைக்கும் என்று கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிரமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. பயிற்சிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு.

"அட்டை வாங்கினா முத்திரை குத்தின மாதிரி ஆகிடும்" என்று என்னிடமும் சொன்னார்கள். அட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பிள்ளை அதே பிள்ளைதான். அட்டை இருந்தால் கேட்டு வாங்க ஒரு தாள் கையில் இருக்கும்.

பள்ளிக்கூடம். ஒரு தனியார் பள்ளியில், பெயர் வேண்டாம், என் மகனை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, "மற்ற பெற்றோர் ஆட்சேபிக்கிறாங்க" என்று கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது நம் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு போகிறான். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளையையும் குறைபாட்டைக் காட்டிப் பள்ளி தள்ள முடியாது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கே பிள்ளையின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

முதலில் எங்கே போவது என்று கேட்பீர்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடி டீச்சரிடமும் சொல்லுங்கள். 2013 முதல் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில் டாக்டர் குழு ஒன்று வேனில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அவர்கள் பார்க்கிற பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். காசு கிடையாது. இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கன்வாடி டீச்சர்களுக்குத் தனி வணக்கம் சொன்னது இதற்காகத்தான். ஒரே வயதுப் பிள்ளைகள் இருபது பேரைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் நீங்கள். எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். சொன்னால் தாய் கோபப்படுவாளே என்று தயங்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, தன்மையாகச் சொல்லுங்கள்.

எங்கள் குழு எனக்குச் செய்ததைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவள் ஆவேன். பஸ் செலவுக்கும் அலைச்சலுக்கும் உள்கடன் 10,000 கொடுத்தார்கள். பயிற்சிக்குப் போகிற நாளில் கூட்டம் வராதபடி கிழமையை மாற்றினார்கள். நான் நூறு நாள் வேலைக்குப் போக முடியாமல் தவணை இரண்டு தவறியபோது, வீட்டு வாசலில் வந்து நிற்காமல், சேர்த்து உட்கார்ந்து தவணையை மாற்றி எழுதினார்கள். விருந்தாளிக்குப் பயந்து பிள்ளையைப் பின்கட்டில் வைத்திருந்தேன் என்றேனே, அதை நிறுத்தியதும் அவர்கள்தான். ஒரு நாள் பன்னிரண்டு பேரும் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கூட்டம் போட்டார்கள். பிள்ளை நடுவில் விளையாடிக்கொண்டிருந்தான். தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. நாத்தனாருக்கும் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், "சாப்பாட்டுக்கு என்ன குடுப்பீங்க" என்று.

கூட்டமைப்பிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானமாக எழுதினால் இன்னும் நல்லது.

ஒன்று, ஒவ்வொரு குழுவும் தங்கள் உறுப்பினர் வீடுகளில் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, நான் படித்த அந்த ஐந்து வரியைக் கூட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும். சந்தேகம் உள்ள பிள்ளையின் தாயோடு ஒரு உறுப்பினர் துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனியாகப் போகிறவள் பாதி வழியில் திரும்பிவிடுவாள்.

இரண்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்குப் பயிற்சிச் செலவுக்கான உள்கடனில் முன்னுரிமை வேண்டும்.

மூன்று, இதற்குக் காசே தேவை இல்லை. காதுகுத்து, வளைகாப்பு, கோயில் கொடை எதுவானாலும் அந்தப் பிள்ளையையும் சேர்த்து அழையுங்கள். "பாவம்" என்று சொல்லாதீர்கள். "இவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தத் தாயும் அலுத்துக்கொள்ள மாட்டாள்.

ஏப்ரல் 2ஆம் தேதி உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அன்றைக்கு நம் கூட்டமைப்புக் கட்டடத்தில் இந்தப் பிள்ளைகளையும் தாய்மார்களையும் வரவழைக்கலாம் என்று தலைவி அக்கா சொல்லியிருக்கிறார். மைக் செட் வைக்காமல் நடத்தலாம். வாங்க.